அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க

போனை மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டு, “இது பாட்டுக்குப் பதிவாகிட்டு இருக்கும் சிஸ்டர், அதப் பாக்காதீங்க, என்னப் பாத்துப் பேசுங்க” என்கிறாள் டாக்டர் கவின்மதி. பார்க்காதே என்றால் கண் அங்கேதான் போகிறது. ஒரு சிவப்புப் பொட்டு, அதன் பக்கத்தில் நான் மூச்சு விட்டாலும் துள்ளுகிற ஒரு கோடு. இருமுகிறேன், கோடு எகிறிக் குதித்து அடங்குகிறது. மருந்து அறைக்குள் உட்கார்ந்திருக்கிறோம். என் முதுகுக்குப் பின்னால் குளுக்கோஸ் பெட்டிகள், சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் அவசர வார்டு. ஓ.பி. முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. இந்தப் பிள்ளை மேல்படிப்புக்கு ஆராய்ச்சி செய்கிறாளாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிற குழந்தைக்கு நாங்கள் வைத்தியம் பார்க்கும்போது தாய் தகப்பனை உள்ளே நிற்க விடலாமா, விடக்கூடாதா, அதைப் பற்றி டாக்டர் என்ன நினைக்கிறார், நர்ஸ் என்ன நினைக்கிறார் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறாள். சீஃப் டாக்டர் சேதுநாராயணன் நேற்றே பேசி முடித்துவிட்டாராம். “அமலோற்பவம் சிஸ்டரக் கேளுங்க, அம்மாமாரச் சமாளிக்கிறதுல அவங்கள விட்டா ஆள் கிடையாது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சமாளிக்கிறது. சண்டைக்கோழியைச் சமாளிக்கிற மாதிரி, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் சமாளிக்கிற மாதிரி. நான் எழுந்து போய்விடலாமா என்று நினைக்கிறேன். நாற்காலி பிளாஸ்டிக், சேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“பெத்தவங்க உள்ள நின்னா என்ன சிரமம்னு நினைக்கிறீங்க சிஸ்டர்?” என்கிறாள். சொல்கிறேன். இடம் பத்தாது டாக்டர். பயந்து மயங்கி விழுந்துட்டா அவங்களையும் நாமதான் பாக்கணும். குறுக்க வந்து கையப் பிடிப்பாங்க. போன்ல படம் எடுத்துப் போடுவாங்க. என் வாய் சொல்லிக்கொண்டே போகிறது, எல்லாம் உண்மைதான், ஒன்றும் பொய்யில்லை. போன வருடம் காய்ச்சலில் ஒரு பையன் இறந்தபோது அவன் சித்தப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, நாங்கள் நெஞ்சை அமுக்குவதைப் பார்த்துவிட்டு, எம்புள்ளய மிதிச்சுக் கொல்றாங்க என்று கத்தினான். பயிற்சி டாக்டர் ஒருவனுக்கு மூக்கு உடைந்தது. அதைச் சொல்கிறேன், அவள் தலையாட்டுகிறாள். ஆனால் அதுவா காரணம்? அந்தச் சித்தப்பன் வருவதற்கு முன்னாலும் கதவு சாத்தித்தானே இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா. நரம்பு கிடைக்காமல் ஒரு கை, இன்னொரு கை, கால் என்று குத்திக்கொண்டே போவது, ஒருவர் சொன்ன மருந்தை இன்னொருவர் வேண்டாம் என்பது, கேட்ட சைஸில் ட்யூப் இல்லாமல் எதிர் வார்டுக்கு ஆள் ஓடுவது, நடுவில் யாரோ, சாப்பாடு சொல்லியாச்சா, எனக்குச் சேர்த்துச் சொல்லு என்பது. அதுவும் பாவம் இல்லை, பசிக்கத்தான் செய்யும். ஆனால் தாய்க்காரி நின்று பார்த்தால் அப்படிக் கேட்க வாய் வராது. எங்களுக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோகும். அதற்குத்தான் கதவு. இதை அந்தச் சிவப்புப் பொட்டுக்கு எதிரே சொல்லலாமா? சொன்னால் கவின்மதி எழுதிக்கொள்வாள், சீஃப் படிப்பார், பேர் போடாவிட்டாலும் இது அமலம்தான் என்று அவருக்குத் தெரியும். “வேற ஒண்ணும் இல்ல டாக்டர்” என்கிறேன்.

வேறு ஒன்று இருக்கிறது. நான் அநேகமாக உள்ளே நின்றதே இல்லை. குழந்தையைக் கட்டிலில் போட்டதும் யாராவது ஒரு டாக்டர் தலையைத் தூக்காமல் சொல்வார், அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க. யாரைப் பார்த்தும் சொல்வதில்லை, ஆனால் அது எனக்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறேன், குரலும் கனம். தாயின் தோளில் ஒரு கை, மணிக்கட்டில் ஒரு கை. எத்தனை மணிக்கட்டு. தீப்பெட்டி ஆபீஸ் மருந்து வாசம் அடிக்கிற மணிக்கட்டு, வளையல் உடைந்து என் உள்ளங்கையைக் கிழித்த மணிக்கட்டு, எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் மணிக்கட்டு. வாங்கம்மா, டாக்டருங்க பாக்குறாங்கள்ல, நீங்க இருந்தா அவங்களுக்கு வேல ஓடாது. கதவு சாத்தியதும் முதுகை அதில் கொடுத்து நிற்பேன். இதில் எனக்கும் ஒரு லாபம் இருந்தது, ஏன் மறைக்கணும். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கைக்குழந்தை என் கண் முன்னால் நீலம் பாரித்து அடங்கியது. அன்று ராத்திரி சோற்றில் கை வைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு, கூட்டிட்டுப் போங்க என்ற சத்தம் கேட்டதும் முதல் ஆளாக நகர்வேன். தாய் அழுவதைப் பார்ப்பது, பிள்ளை சாவதைப் பார்ப்பதைவிட லேசு என்று நினைத்திருந்தேன். லேசுதான், செல்லக்கிளி வருகிற வரைக்கும்.

இப்போது கவின்மதி கேட்கிறாள், “மறக்கவே முடியாத சம்பவம்னு ஏதாச்சும் இருக்கா சிஸ்டர்?” கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனா மூடியைக் கழற்றி மாட்டுகிறாள். அடிப்பாவி. தெரிந்துதான் கேட்கிறாயா? அன்றைக்கு உள்ளே நின்றவள் நீதானே. சீஃப் லீவு, வார்டு உன் பொறுப்பு, வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மத்தியானம் செல்லக்கிளி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். செங்கல் சூளையில் கல் அடுக்குகிறவள், முந்தானை எல்லாம் செம்மண். பிள்ளைக்கு ஆறு வயசு, பேர் பூமிகா. பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்று சூளைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள், கல்லுக்கு அடியில் கை வைத்த இடத்தில் செந்தேள் கொட்டிவிட்டது. பிள்ளைக்கு நல்ல நினைவு இருந்தது. “சின்னத் தேளுதான் சிஸ்டர்” என்று என்னிடம் அதுவே சொன்னது. ஆனால் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது, கை ஐஸ்கட்டியாக இருந்தது. ஊசி குத்தும்போது வீறிட்டு அழுதது, தாய் ஓடிப் போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அப்போது ஒரு குரல், அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க. இந்தக் குரல்தான். இதோ எதிரில் உட்கார்ந்து மறக்க முடியாத சம்பவம் கேட்கிற குரல். நான் போய் மணிக்கட்டைப் பிடித்தேன். செல்லக்கிளி திமிறவில்லை. மற்றவர்கள் மாதிரி கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நான் சத்தம் போடமாட்டேங்க்கா” என்றாள். “ஒரு ஓரமா நிக்கேன். அந்தா, அந்தப் பீரோகிட்ட நிக்கேன். அவ தனியா இருந்ததே இல்லக்கா.” நான் வாம்மா வாம்மா என்று இழுத்துக்கொண்டு வந்தேன், கதவைச் சாத்தினேன், முதுகைக் கொடுத்தேன். வராந்தாவில் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள், சத்தம் போடமாட்டேன் என்று சொன்னதைக் காட்டுவதற்காக. சத்தம் போடாமல் இருந்தால் உள்ளே விட்டுவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, “என்னக்கா சத்தத்தையே காணோம்?” என்றாள். “ஊசி போட்டிருக்கும்மா, தூங்குறா” என்றேன். எனக்கு என்ன தெரியும், நானும் வெளியேதான் நின்றேன். வழக்கமாகச் சொல்கிறதுதான். பொழுது சாய்வதற்கு முன்னால் பிள்ளை போய்விட்டது. நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்றார்கள்.

செல்லக்கிளி அதற்கப்புறம் வந்தாள். சண்டைக்கு வருவார்கள், மனு கொடுக்க வருவார்கள், ஒரேயடியாக வராமலும் போவார்கள். இவள் ஒருநாள் மத்தியானம் தனியாக வந்து வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஊசித்தட்டோடு போகும்போது, “அக்கா” என்று கூப்பிட்டாள். என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது, தெரியாமல் இருக்குமா. “ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். எம்பிள்ள கடைசி வரைக்கும் தூங்கிட்டுத்தான இருந்தா? என்னயத் தேடலேல்ல?” என்றாள். “இல்லம்மா, தேடல” என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, அதுபோதும் என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, வெயிலில் இறங்கிப் போனாள். போகிறவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் சொன்னது நிஜமா? எனக்குத் தெரியாது. உள்ளே இருந்தவர்கள் யாரும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. இத்தனை மாதம் இந்த டாக்டர் பிள்ளை என்னைப் பார்த்தால் குட்மார்னிங் சிஸ்டர், நான் குட்மார்னிங் டாக்டர். இப்போது ஆராய்ச்சி. ஒரு பிள்ளை செத்ததைப் பேப்பராக எழுதி எங்கேயோ ஒரு மேடையில் வாசித்து, கைதட்டு வாங்கி, சால்வை போட்டுக்கொண்டு… எனக்குக் காது சூடாகிறது. இந்த வயதில் பிரஷர் வேறு. வேண்டாம் அமலம், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்திரு.

“அந்தத் தேள் கொட்டுன பிள்ள” என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கிறது, கனமாக, வராந்தாவில் தாய்மாரிடம் பேசுகிற அதே குரல். “நான் வெளிய நின்னேன் டாக்டர். எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான உள்ள இருந்தீங்க. நீங்க சொல்லுங்க. அது தாயத் தேடுச்சா?” பேனா மூடி கீழே விழுகிறது. அவள் அதை எடுக்கவில்லை. கையை நீட்டிப் போனைத் தொடுகிறாள், சிவப்புப் பொட்டு மறைகிறது. குளுக்கோஸ் பெட்டியில் அச்சடித்திருப்பதை வாசிக்கிற மாதிரி பார்க்கிறாள். பிறகு சொல்கிறாள், “முழிச்சுத்தான் இருந்தா சிஸ்டர். மூச்சுக்கு ட்யூப் போட மயக்க ஊசி குடுக்குற வரைக்கும் பேசிட்டே இருந்தா. அம்மா எங்க, அம்மா எங்கன்னு. அப்புறம் என் கோட்டப் பிடிச்சுக்கிட்டு, ‘அம்மாவ வரச் சொல்லுங்க, நான் இனிமே அழமாட்டேன்’னு சொன்னா. அவ அழுததுனாலதான் அம்மாவ வெளிய அனுப்பிட்டோம்னு நினைச்சிட்டா. எனக்குக் கை ஓடல. ட்யூப் எடுக்கணும், மருந்து அளவு பாக்கணும். ‘சரிடா, அழாம இரு, அம்மா வருவாங்க’ன்னேன். அவ அழவே இல்ல சிஸ்டர். ஊசி போட்டப்ப, சளி உறிஞ்சினப்ப, எதுக்குமே அழல. உதட்டக் கடிச்சிட்டு கதவையே பாத்துட்டு இருந்தா.”

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஸ்டூலை இழுக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம். உள்ளே அது வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது, வெளியே தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், நடுவில் என் முதுகு. இரண்டு பேரும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள்தான் கேட்கவில்லை. இந்த டாக்டர் பெண்ணை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருக்கிறது, பெற்ற மகள் வயசு. ஆனால் அவள் உதடு கோணிக்கொண்டு போவதைப் பார்த்தால் அடிக்கவும் தோன்றவில்லை, தேற்றவும் தோன்றவில்லை. “அந்தம்மாகிட்ட சொல்லணுமா சிஸ்டர்? அத யார்கிட்டக் கேக்கன்னு தெரியாமத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்” என்கிறாள். சொல்லணுமாம். எதைச் சொல்வது? உன் பிள்ளை உன்னைக் கேட்டது, அழமாட்டேன் என்று கெஞ்சியது, நாங்கள் விடவில்லை என்றா? செல்லக்கிளி ஒரு பெருமூச்சு விட்டாளே, அதைப் பிடுங்கிக்கொண்டு அந்த இடத்தில் இதை வைப்பதா? நமக்குப் பாரம் இறங்கும், அவளுக்கு ஏறும். ஏற்கெனவே அவள் கல் சுமக்கிறவள். “வேண்டாம்” என்கிறேன். “அது நம்ம ரெண்டு பேர்கிட்டயே கிடக்கட்டும். நம்ம சாகுற வரைக்கும் கிடக்கட்டும்.” அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். அதற்குள் வார்டில் கூச்சல், சீஃபின் குரல், “கவின்மதி! எங்கம்மா போயிட்டீங்க எல்லாரும்?”

ஓடுகிறோம். கட்டிலில் நடக்கப் பழகின வயசில் ஒரு ஆண் பிள்ளை, கந்தல் துணி மாதிரி கிடக்கிறான். இரண்டு நாளாகப் பேதியாம், கண் உள்ளே போய், தோலைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நிற்கிறது. தாய் சின்னப் பெண், முத்துமாரி என்று யாரோ கூப்பிடுகிறார்கள், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அப்படியே வந்திருக்கிறாள். நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கை, இன்னொரு கை, தலை. சீஃப் தலையைத் தூக்காமல் சொல்கிறார், “அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க.” என் கால் நகர்ந்துவிட்டது. பழகின கால். கை அவள் மணிக்கட்டைப் பிடித்தும்விட்டது. கவின்மதி என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கவில்லை. முத்துமாரியை இழுத்துக்கொண்டு போகிறேன், கதவுப் பக்கம் இல்லை, கட்டிலின் தலைமாட்டுக்கு. “இங்க நில்லு. அவன் காதுகிட்டப் பேசு. கையில எதையும் தொடாத” என்கிறேன். “சிஸ்டர்!” என்கிறார் சீஃப். “நான் பிடிச்சுக்கிறேன் சார்” என்கிறேன். அவருக்குச் சண்டை போட நேரமில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசி போட வேண்டும், நரம்பு கிடைக்காவிட்டால் அதுதான் வழி. கவின்மதி ஊசியை வைத்துத் திருகுகிறாள். ஒரு கண் தாய் பக்கம் போகிறது, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா. ஊசி வழுக்கி ரத்தம் வருகிறது. “ஐயோ, எம்புள்ள கால ஓட்ட போடுறாங்களே” என்று முத்துமாரி அலறிக்கொண்டு பாய்கிறாள், நான் இடுப்போடு சேர்த்துப் பிடிக்கிறேன், அவள் முழங்கை என் வாயில் இடித்து உதடு கிழிகிறது, ட்ரிப் ஸ்டாண்ட் சரிந்து விழுகிறது. “இதுக்குத்தான சொன்னேன்!” என்று கத்திக்கொண்டே சீஃப் ஊசியைப் பிடுங்கி அந்தக் காலிலேயே கை வைக்கப் போய், வேண்டாம் என்று அடுத்த காலில் வைத்துத் திருகுகிறார். நறுக்கென்று உள்ளே இறங்குகிறது. அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது. என் கைக்குள் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. “பேசு, பேரச் சொல்லிப் பேசு” என்று அவள் காதில் சொல்கிறேன். “கதிரு… கதிரு…” என்கிறாள், வேறு வார்த்தை வரவில்லை.

தண்ணீர் ஏற ஏறப் பிள்ளை மெல்லத் திரும்பினான். முதலில் ஒரு முனகல், பிறகு கண், பிறகு கர்ணகடூரமாக ஒரு அழுகை. யாருக்கும் அதில் சந்தோஷத்தைக் காட்ட நேரமில்லை. சீஃப் கை கழுவிக்கொண்டே, “நாளைக்கு ஆபீஸ்ல வந்து பாருங்க சிஸ்டர். ரெண்டு தடவ குத்த வேண்டியதாப் போச்சு, யாரால?” என்றார். நியாயம்தான். அவள் வெளியே நின்றிருந்தால் ஒரே குத்தில் முடிந்திருக்கும். கவின்மதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் ஆராய்ச்சியில் இதை எந்தப் பக்கம் எழுதுவாள் என்று தெரியவில்லை. நான் உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு, சொட்டு சரியாக இறங்குகிறதா என்று பார்க்கப் போனேன். முத்துமாரி கட்டிலில் ஏறி உட்கார்ந்து, கட்டுப் போட்ட இரண்டு காலையும் தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “நீங்கதான என்னயப் புடிச்சு வச்சிருந்தது?” என்றாள். “ஆமா” என்றேன். “வெளிய விட்டிருக்கலாம்ல. அந்த டாக்டர் சொன்னாருல்ல. எதுக்கு என்னய நிக்க வச்சுக் காட்டுனீங்க? இனிமே கண்ண மூடுனா எம்புள்ள கால்ல திருகுனதுதான தெரியும். ஒரு பொம்பள, ஒங்களுக்கு ஈவு இரக்கம்னு ஒண்ணு கிடையாதா?” பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொருத்தியின் கடனை உன்னிடம் கொண்டுவந்து தீர்த்தேன் என்றா சொல்வது? அவள் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள், வராந்தாவில் யாரும் என்னை இப்படித் திட்டியதில்லை, அங்கே எல்லோரும் கும்பிடத்தான் செய்வார்கள். ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போது அந்தப் பயல் வறண்ட உதட்டைப் பிரித்து, “ம்மா” என்றான். பாதி வசவில் நிறுத்தி, அந்த வாயாலேயே, “என்ன சாமி, இந்தா இருக்கேன்” என்று குனிந்தாள்.